புல்வெளியை அளக்க ஒரு ட்ரோன்: டிஜேஐ மேவிக் 3 மல்டிஸ்பெக்ட்ரல்

ஒரு புல்வெளியில் ஒரு பருவத்தில் எவ்வளவு புல் வளர்ந்தது என்பதை அறிய, சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதனுள் இருப்பதை அடியோடு அரிந்து, உலர்த்தி எடைபோடுவதே நெடுநாள் வழக்கம். அரிந்த இடத்தின் வளர்ச்சியை அதே பருவத்தில் தொடர்ந்து பார்க்க இயலாது. செயற்கைக்கோள் எதையும் அரிவதில்லை. ஆனால் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டர் அகலம், சென்டினல்-2இன் மிக நுண்ணிய புள்ளியும் 10 மீட்டர். சீனாவின் டிஜேஐ நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட இந்த ட்ரோன், தரையில் வைக்கும் சட்டத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையில் நிற்கிறது.

20 மெகாபிக்சல் வண்ணக் கேமராவுடன், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒளியான சிவப்பு விளிம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக நான்கு 5 மெகாபிக்சல் கேமராக்கள் இதில் உள்ளன. 60 மீட்டர் உயரத்தில் பறந்தால், இந்த நான்கும் எடுக்கும் பல்நிறமாலைப் படத்தின் ஒரு புள்ளி 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலே உள்ள ஒளியுணரி சூரிய ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்வதால், வெவ்வேறு நாட்களின் படங்களை ஒப்பிடுவது எளிதாகிறது. நிறுவனம் கூறும் 43 நிமிடப் பறப்பு காற்றில்லாத நிலைக்கானது. திட்டமிடும்போது குறைத்தே கணக்கிட வேண்டும்.

கருவியைவிட, அது தரும் எண்ணைப் படிப்பதுதான் கடினம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள கோன்சா புல்வெளியை எடுத்துக்கொள்வோம். அங்கே நிலத்தைப் பிரித்து, சில பகுதிகளை ஆண்டுதோறும், சிலவற்றை 2, 4, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை எனத் தீயிட்டு ஆராய்கிறார்கள். நெடுங்காலம் எரிக்காத பகுதியில் பழைய காய்ந்த புல்தாள்கள் பச்சையை மறைப்பதால், சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் கொண்டு கணக்கிடும் என்.டி.வி.ஐ. என்னும் பசுமைக் குறியீடு உள்ளதைவிடக் குறைவான வளர்ச்சியைக் காட்டக்கூடும். எரித்த பகுதியிலோ கோடையில் புல் அடர்ந்தபின், இலைகள் சிவப்பொளியை ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சிவிடுவதால், புல்லின் எடை கூடிக்கொண்டே போனாலும் குறியீடு உச்சத்தில் அசையாமல் நின்றுவிடுகிறது. அந்நிலையில் ஓரளவு கைகொடுப்பது சிவப்பு விளிம்புக் கேமரா. மலிவான ட்ரோனை விட்டு இதை வாங்க அதுவே போதிய காரணம் என்பேன்.

ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களிலிருந்து புல்லின் உயரத்தையும் கணிக்கலாம். ஆனால் காற்றில் அசையும் தாள் அடுத்தடுத்த படங்களில் ஒரே இடத்தில் இராது. மெல்லிய நுனிகள் கணக்கில் சிக்குவதில்லை. ஆகவே உயரம் பெரும்பாலும் குறைந்தே வரும். எங்கிருந்து உயரத்தை அளக்க வேண்டுமோ அந்தத் தரையும் அடர்ந்த புல்லின் கீழே தெரியாது. தீயிட்ட உடனே ஒருமுறை பறந்து வெறுந்தரையைப் பதிந்து வைத்துக்கொண்டால் இக்குறை பெரிதும் தீரும். எரிக்காத புல்வெளிக்கு இவ்வழி இல்லை.

எடையை எந்தக் கேமராவும் நேரடியாகச் சொல்லாது. பறக்கும் நாளன்றே சில சட்டங்களை அரிந்து எடைபோட்டு, குறியீட்டை அந்த எடையோடு பொருத்திக் கணிக்க வேண்டும். அந்த உழைப்புக்கு ஆயத்தமான குழுவுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அரிவாளைக் கைவிடலாம் என்று நம்பி வாங்குவோருக்கு அல்ல.

இந்தியாவில் வாங்க எண்ணுவோர் ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை உள்ளது. ஆய்வுப் பணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் அனுமதி பெற்று வரவழைக்கலாம்.