ஹிக் எஃப்.இ.எம் 4.0: அளக்கத் தெரிகிறது, கைகொடுக்கத் தெரியவில்லை

ஹிக் எஃப்.இ.எம் என்பது பையர்கள், அதாவது துணி வாங்கும் பிராண்டுகள், சப்ளையர்களை ஆண்டுதோறும் நிரப்பச் சொல்லும் சுற்றுச்சூழல் படிவம். 4.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. தண்ணீர், கழிவுநீர், எரிசக்தி, ரசாயனம் என்று ஏழு பிரிவுகள்; முந்தைய ஆண்டுக் கணக்கைக் கேட்கிறது. கேள்விகள் நியாயமானவை. மீட்டரே இல்லாத ஆலையையும் மீட்டர் மாட்ட வைக்கிறது, அது பெரிய விஷயம்.

திருப்பூரில் சிக்கல் வேறு. படிவத்தை நிரப்புவது பனியன் கம்பெனி. தண்ணீரைக் குடிப்பது வெளியே ஜாப் ஒர்க் செய்யும் சாயப்பட்டறை. தையல் கூடத்துக் கரண்ட் பில்லை வைத்து எவ்வளவு நல்ல மார்க் வாங்கினாலும் சாயத்தொட்டியில் ஒரு லிட்டர் குறையாது. அந்தப் பட்டறையும் தனியாக நிரப்பினால்தான் பயன். கழிவுநீர் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பெரும்பாலான பட்டறைகளின் கழிவுநீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. எத்தனை லிட்டர் அனுப்பினோம் என்ற கணக்கு மட்டும்தான் பட்டறையின் கையில் இருக்கும். சுத்திகரித்த பிறகான ஆய்வு முடிவை நிலையத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

'தண்ணீரைக் குறைக்க இலக்கு வைத்தீர்களா?' என்ற கேள்வியில்தான் படிவம் கைவிடுகிறது. 500 கிலோ துணியை 1:10 விகிதத்தில், அதாவது ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று, சாயமேற்ற 5,000 லிட்டர் வேண்டும். சாயம் துணியில் ஏற உதவும் உப்பு லிட்டருக்கு 60 கிராம் என்றால் 300 கிலோ. 1:6 மெஷினில் தண்ணீர் 3,000 லிட்டர், உப்பு 180 கிலோ. மிச்சமாகும் 120 கிலோ உப்பைச் சுத்திகரிப்பில் பிரித்தெடுக்கும் செலவும் இல்லை. ஆனால் பழைய சாய ரெசிபியையே போட்டால் ஷேடு (நிறம்) அழுத்தமாக விழும். சாயத்தைத் துணியோடு பிணைக்கும் சோடா ஆஷை அவசரமாக விட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அந்தத் துணியை உரித்து மறுசாயம் போட்டால் மிச்சம் பிடித்த தண்ணீரெல்லாம் போச்சு. ஆகவே லேப் டிப்பையும் (பையருக்குக் காட்டும் சிறு சாய மாதிரி) 1:6-லேயே செய்து புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். கப்பல் தேதி நெருங்கும்போது ஆர்டரைக் கவனிக்கும் எந்த மெர்ச்சண்டைசர் அதற்கு ஒரு வாரம் தருவார்?

காசு விஷயம் இன்னும் கடினம். மெஷின் கடன் பல வருடத்துக்கு, ஆர்டர் ஒரு சீசனுக்கு. இதைக் கேட்க இந்தப் படிவத்தில் இடமில்லை. நம் பார்வையில் இதுவே இதன் பெரிய குறை.

நிரப்பப் போகிறவர்களுக்கு: தண்ணீர் வரும் ஒவ்வொரு குழாயிலும் ஃப்ளோ மீட்டர், பாய்லர் விறகுக்கு எடைமேடைச் சீட்டு, தினமும் சாயமேறிய துணியின் கிலோ. இந்த மூன்றும் ஜனவரி முதல் தேதியிலிருந்தே நோட்டில் ஏற வேண்டும். வருடக் கடைசியில் குத்துமதிப்பாகப் போட்ட எண்ணை, படிவத்தைச் சரிபார்க்கும் வெரிஃபையர் பில்லோடு ஒப்பிடும்போது கண்டுபிடித்துவிடுவார்.