கொடைக்கானலில் வரையப்பட்ட கடற்படகு: ஒரு வடிவமைப்பாளரின் பணி பற்றிய மதிப்புரை

தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் குடும்பத்துடன் சென்றுவரத்தக்க, ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள பாய்மரக் கேட்டமரான் ஒன்றை வரைந்து தரும் பணியை, நாயுடுபுரத்தில் வீட்டிலேயே அலுவலகம் வைத்திருக்கும் வடிவமைப்பாளர் ஒருவரிடம் சென்ற ஆண்டு ஒப்படைத்தேன். கேட்டமரான் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆயினும் பிணைத்த மரங்கள் மிதப்பதும் இரண்டு தனி உடல்கள் (நீரில் மிதக்கும் படகுக் கூடுகள்) மிதப்பதும் வேறு என்பதால், அவர் தம் வரைபடங்களில் ‘இரட்டை உடல் படகு’ என்றே எழுதுகிறார்.

நான் கொண்டுபோன அறைகளின் பட்டியலை அவர் ஓரமாக வைத்துவிட்டு, “முதலில் என்னென்ன ஏற்றப் போகிறீர்கள் என்று எடையோடு எழுதிக் கொடுங்கள்” என்றார். காரணத்தைப் பின்னர் கணக்கிலேயே காட்டினார். ஒவ்வோர் உடலும் நீர்மட்டத்தில் 14.5 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் கொண்டது. இவ்வளவு ஒடுக்கமாக இருப்பதால்தான் அலையெழுப்பும் தடை குறைந்து படகு விரைவாகச் செல்கிறது. அதே ஒடுக்கத்தால், சுமார் 290 கிலோ ஏற்றினாலே ஒரு சென்டிமீட்டர் அமிழ்கிறது. 800 லிட்டர் குடிநீரும் 600 லிட்டர் டீசலும் மட்டுமே 1.3 டன்னுக்கு வந்துவிடும்.

இதைத் தாளில் படித்தபோது எனக்கு முழுமையாக உறைக்கவில்லை. பத்தில் ஒரு பங்கு அளவில் ஒட்டுப்பலகையால் மாதிரி செய்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டியில் அவர் மிதக்கவிட்ட நாளில்தான் உறைத்தது. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். ஆகவே 12 டன் படகுக்கு மாதிரி 12 கிலோ இருக்க வேண்டும். ஆனால் தொட்டியில் இருப்பது மலை நீர், கடல்நீரோ அதைவிட இரண்டரை விழுக்காடு அடர்த்தியானது என்பதால், 11.7 கிலோவாகத் தராசில் நிறுத்தே வைத்தார். அதன்மேல் ஒன்றரை டன் சுமைக்கு ஈடான எடைக்கற்களை அடுக்கியபோது, நீர்க்கோடு கணக்கில் சொன்ன ஐந்து மில்லிமீட்டரே உயர்ந்தது. அந்த நுணுக்கத்துக்காகவே இவரை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

நிலைத்தன்மை அறிக்கையும் தெளிவாக உள்ளது. கொடைக்கானல் ஏரிப் படகில் ஒருவர் எழுந்து நின்றாலே அது சாய்ந்து எச்சரிக்கும். இரட்டை உடல் படகு அப்படிச் சாய்வதில்லை. எடையின் மையம் நடுவில் இருக்க, இரு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 6 மீட்டர் என்றால், அது கொடுக்கக்கூடிய மீட்சி, அதாவது சாய்வை எதிர்த்து நிமிர்த்தும் திறன், அதிகபட்சம் 12 டன் × 3 மீட்டர் = 36 டன்-மீட்டர்; காற்றுப்புற உடல் நீரைவிட்டு எழும்போதே அந்த எல்லை வந்துவிடும், அதற்கு மேல் குறையத்தான் செய்யும். முழுப் பாயுடன் 39 நாட் (மணிக்கு ஏறத்தாழ 72 கிலோமீட்டர்) காற்றில் அந்நிலை நேரும் என்று கணக்கிட்டு, 20 நாட்டிலேயே பாயைச் சுருக்கத் தொடங்கும்படி அறிவுறுத்தியிருக்கிறார். காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாக மாறுவதால், அப்போது அது கால் பங்கு அளவே இருக்கும். திடீர்ச் சூறைக்கும் அலைக்கும் அந்த இடைவெளி தேவை.

குறைகளும் உண்டு. இரு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடிப்பகுதிக்கும் நீருக்கும் இடையே முதல் வரைபடத்தில் 70 சென்டிமீட்டரே விட்டிருந்தார். முழுச் சுமையில் அது இன்னும் குறைந்து, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் நெருக்கமான அலைகள் தளத்தை ஓயாமல் அறைந்திருக்கும். எடையில் அவ்வளவு கவனமாக இருந்தவர் இதை நான் சுட்டிக்காட்டும்வரை விட்டுவைத்தது எனக்கு வருத்தமே. மறுவரைபடத்தில் 95 சென்டிமீட்டராக உயர்த்தி, உள்ளறையின் தலையுயரத்தைக் குறைத்துக்கொண்டார். அது சரியான விட்டுக்கொடுப்பு. மின்கம்பி வரைபடம் மேலோட்டமானது. அதற்கு வேறொருவரை நாட வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்ட நாளுக்கு ஆறு வாரம் தாமதமாகவே எல்லாம் கைக்கு வந்தன.

அவரிடம் செல்ல எண்ணுவோர் எடைப் பட்டியலை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். மாதிரியை மிதக்கவிடும் நாளில் தவறாமல் நேரில் இருங்கள்.