கடலோரக் கூழாங்கல்லா, ஆற்றுக் கூழாங்கல்லா?

குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் எரிவாயு மின் நிலையங்கள் இருப்பதால், எங்கள் பக்கத்தில் நிலவியல் படிப்பவனைப் பார்த்தால் "காஸ் எந்தப் பாறையில் இருக்கிறது?" என்று கேட்காதவர் இல்லை. எடுக்கலாமா, கூடாதா என்பது வேறு வழக்கு. 2020 வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு அதை டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடியபோது, வாயுத் தேக்கப் பாறைகளாக, அதாவது வாயுவை இடைவெளிகளில் தேக்கிவைக்கும் பாறைகளாக, இரண்டு என் முன்னே இருந்தன: பழங்கால ஆறு போட்ட கூழாங்கல் படிவு, பழங்காலக் கடற்கரையில் அலை சேர்த்த கூழாங்கல் படிவு. இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

மேலே கசியாத மூடி வேண்டும், அருகில் வாயு பிறக்கும் பாறை வேண்டும் என்பதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆற்றுப் படிவின் குணம் கொள்ளிடக் கரையில் வளர்ந்தவர்களுக்கே தெரியும். வெள்ளம் வடியும்போது கல், மணல், களி எல்லாவற்றையும் கலந்து போட்டுவிட்டுப் போகும். ஆறு தடம் மாறினால் படிவும் துண்டுபடும், இடையில் வண்டல் களி மறிக்கும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களில் நல்ல கனம் கிடைக்கும் என்பது அதன் பலம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே என்ன இருக்கிறது?

ஒரே அளவுக் கூழாங்கற்களுக்கு இடையே 40 விழுக்காடு வெற்றிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடம் முழுவதையும் மணல் நிரப்பினால், மணலுக்குள் இருக்கும் 40 விழுக்காடு வெற்றிடம்தான் மிச்சம். மொத்தத்தில் 16 விழுக்காடு. இதுகூடப் பெரிய நஷ்டமல்ல. ஊடுருவுதிறன், அதாவது வாயு பாறைக்குள் எவ்வளவு எளிதாக நகரும் என்பது, ஏறக்குறைய துகள் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் அது நூறில் ஒன்றாகிறது. மணல் புகுந்துவிட்டால் பாதையின் அகலத்தை முடிவு செய்வது மணல்தான், கல் வெறும் அடைசல். நிலத்தடி நீருக்கு ஃபில்டர் பாயிண்ட் குழாய் இறக்குபவர்கள் குழாயைச் சுற்றிச் சலித்த கல்லைக் கொட்டுவதும் இதற்காகத்தான்.

அலை செய்வதும் அந்தச் சலிப்பு வேலைதான். ஓயாமல் அடித்து மணலை ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு, கல்லைக் கரையில் நிறுத்துகிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1976-ல் கண்டுபிடிக்கப்பட்ட எல்ம்வொர்த் வாயுப் பரப்பில் ஃபால்ஹர் என்ற, கிரெட்டேசியக் காலத்துப் (டைனோசர்களின் கடைசிக் காலம்) படிவு இதற்குப் பேர்போனது. சுற்றியுள்ள மணற்பாறையின் ஊடுருவுதிறன் பெரும்பாலும் ஒரு மில்லிடார்சியில் (ஊடுருவுதிறனின் அலகான டார்சியில் ஆயிரத்தில் ஒன்று) பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதே கடற்கரை வரிசையில், மணல் புகாத கூழாங்கல் அடுக்கில் நூற்றுக்கணக்கான மில்லிடார்சி, சில இடங்களில் டார்சிக் கணக்கில் இருக்கிறது. கற்களில் பெரும்பகுதி செர்ட் என்ற கடினமான சிலிக்காக் கல். நசுங்காத கல் என்பதால், புதைந்த பிறகும் இடைவெளி தாக்குப்பிடித்தது. மணற்பாறையிலோ குவார்ட்ஸ் பூச்சு வளர்ந்து வழியை அடைத்துவிட்டது. கடற்கரைச் சமவெளியின் நிலக்கரி அடுக்குகள் அருகிலேயே இருந்து வாயுவையும் கொடுத்தன.

அலை தொட்டதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. கடற்கரைப் படிவிலும் மணல் புகுந்த அடுக்குகள் உண்டு. நல்ல அடுக்கு கரையோரமாக நீளும், குறுக்கே ஒடுங்கிவிடும்; துளை கொஞ்சம் விலகினால் இறுகிய மணற்பாறைதான். துளைக்கருவி எடுத்த பாறைத் தண்டுகளை நான் கையில் பிடித்துப் பார்த்ததில்லை, வெளியான விவரணைகளையும் படங்களையும் நம்பித்தான் பேசுகிறேன். ஆற்றுப் படிவைப் பற்றிய என் வாசிப்பு இன்னும் குறைவு. அதில் ஊறியவர்கள் மறுக்கலாம்.

டெல்டாவில் இதைப் போய்ப் பார்க்க வழியில்லை. தரங்கம்பாடிக் கரையில் குனிந்து அள்ளினால் விரலிடுக்கில் வழிவது மணல்தான்; காவிரி தன் கல்லையெல்லாம் மேலேயே விட்டுவிட்டு வருகிறது. கூழாங்கல் கடற்கரை அமைய, மலையோ கல் சுமக்கும் ஓடையோ கடலை ஒட்டி இருக்க வேண்டும். பஸ் ஏறிப் பெரம்பலூர் பக்கம் கருடமங்கலத்துக்குப் போனால், கிரெட்டேசியக் கடலின் கிளிஞ்சல்களோடு கூழாங்கற்களும் கலந்த பாறையைப் பார்க்கலாம். ஆனால் அதில் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கிறது. அலை திறந்துவைத்த வழியைப் பிறகு சுண்ணாம்பு எப்படி அடைக்கிறது என்று காட்டத்தான் அது உதவும். ஆற்றுப் படிவை எடுத்த நண்பர்களுக்கு இந்த அலைச்சலே இல்லை. கோடையில் கொள்ளிடம் வற்றியதும், தடம் மாறிய சுவட்டை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள்.