எங்கள் படிப்பகத்துக்கு எந்தப் பேப்பர்?

பாம்பனில் எங்கள் படிப்பகத்துக்கு இந்த வருடம் ஒரே ஒரு நாளிதழுக்குத்தான் சந்தா கட்ட முடியும். படமும் பரபரப்புமாக வருகிற பேப்பரா, எழுத்து அடைத்துக்கொண்டு வருகிற கனமான பேப்பரா என்று பேச்சு சூடாகிவிட்டது. அதனால் இரண்டின் பழைய தாள்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பரபரப்புப் பேப்பரை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கி, தெருவில் புழங்குகிற சொல்லில் செய்தி கொடுத்ததால்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் பேப்பரைக் கையில் எடுத்தார்கள். இன்றைக்கும் துறைமுகத்தில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், கடலுக்குப் போக டோக்கன் உண்டா இல்லையா என்பதெல்லாம் இந்த மாதிரிப் பேப்பரில்தான் ஒழுங்காக வருகிறது. கனமான பேப்பரில் பல நாள் அது ஒரு வரிகூட இருக்காது.

ஆனால் நம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவு அருகே, இத்தனை பேர், இத்தனை படகு, அவ்வளவுதான். எண்ணை மாற்றினால் போன மாதச் செய்தியே இந்த மாதத்துக்கும் ஆகும். மறுநாள் அதே இடத்தில் நடிகையின் கல்யாணம். கனமான பேப்பரில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை பிரித்துக்கொண்ட 1974, 1976 ஒப்பந்தங்கள் வருகின்றன. இலங்கை 2017-ல் கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவை மடி வலைக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது வருகிறது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் உள்ள பிணக்கு வருகிறது. ஏன் எல்லை தாண்டுகிறார்கள் என்பது படிக்கிறவருக்குப் புரிகிறது. குறையும் உண்டு. டெல்லியும் கொழும்பும் பேசிக்கொள்வதுதான் அதற்குப் பெரிய செய்தி. தங்கச்சிமடத்தில் படகுக் கடனோடு உட்கார்ந்திருக்கிற அம்மா கடைசிப் பத்தியில்தான் வருவார், வந்தால்.

இந்த இரண்டு போக்கும் ஒரே பத்திரிகை வீட்டுக்குள்ளும் இருந்திருக்கின்றன. 1993-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் உதவித்தொகையில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நாட்டின் மிக ஏழை மாவட்டங்களுக்குப் போனார். அதில் நம் ராமநாதபுரமும் ஒன்று. நம் பனையேறிகளின் பாட்டையும், மிளகாய் விவசாயியின் குடுமி தரகர் கையில் இருப்பதையும் நாடு அந்தப் பேப்பரில் படித்தது. பத்தே வருடத்தில், 2003-ல், அதே குழுமம் மீடியாநெட் என்ற பெயரில் இணைப்பிதழ்களில் செய்தி போல வருகிற இடத்துக்குக் காசு வாங்க ஆரம்பித்தது. 2009 தேர்தலில் பல பத்திரிகைகளில் வேட்பாளர் புகழ்ச்சியே காசுக்குச் செய்தியாக அச்சானது. அதை விசாரித்த இருவர் குழுவின் அறிக்கையை 2010-ல் பிரஸ் கவுன்சில் முழுதாக வெளியிடவில்லை, சுருக்கித்தான் விட்டது.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. நாம் கொடுக்கிற விலை பேப்பர் போடுகிற செலவுக்குக் காணாது. மீதியைச் சுமப்பது நகைக்கடையும் கார் கம்பெனியும். அவர்கள் தேடுகிற வாசகர் இங்கே பாம்பன் சின்னப்பாலத்தில் இல்லை. அங்கே பெண்கள் விரல் நுனிகளில் துணிக்கிழிசலை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டையோடு முங்கி, பாறையில் ஒட்டிய கடல்பாசியைப் பிய்த்தெடுக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு 2015-ல் தீவுகளின் சூழலைக் காக்கிற அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. அது செய்தி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் போனபின் பாசிக்கு எங்கே போவது என்று அவர்கள் வருடக்கணக்காகக் கேட்பதை எத்தனை நாள் அச்சில் பார்த்திருக்கிறோம்?

ஒரு பகுதிநேர நிருபரிடம் இதைக் கேட்டேன். "மறியல் ஏதும் நடந்தா சொல்லுங்கண்ணே, வந்துடுறேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தீபாவளி வாழ்த்து விளம்பரமும் அவரே பிடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு வியாபாரியிடம் விளம்பரம் வாங்கியவர், அதே ஆள் மீன் விலையை அமுக்குவதை மாலையில் எப்படி எழுதுவார்?

சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய, கிராமத்து வாழ்க்கையை எழுதுகிற பாரி இணையதளம் பாசி எடுக்கிற பெண்களைப் பொறுமையாக எழுதியிருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. அருமையான வேலை. ஆனால் போனில் ஒருவர் தனியாகப் படிப்பது வேறு, பெஞ்சில் நாலு பேர் நடுவில் ஒருவர் உரக்க வாசிப்பது வேறு.

கடைசியில் நான் வைத்த சோதனை ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். அதனால் பிடிபடுகிறவர்களும் குறைவு. அப்போது இந்தக் கரையைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? பரபரப்புப் பேப்பரில் தடை தொடங்கிய படமும் முடிந்த படமும் இருந்தன. இடையில் வந்தது மீன் விலை ஏறிய செய்திதான். கனமான பேப்பரில் நிவாரணத் தொகை யாருக்கு வரவில்லை என்று ஒரு கட்டுரையும், சில வாரம் கழித்து வந்ததா என்று அதன் தொடர்ச்சியும் இருந்தன. அந்தத் தொடர்ச்சிக்காகவே என் ஓட்டு அதற்கு. கூண்டு ஏற்றினால் டீக்கடையில் தெரிந்துகொள்ளலாம்.