காரில் வயர்லெஸ் சார்ஜிங்: தோட்டச் சாலைகளில் இரண்டரை ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் நான், அருகிலுள்ள செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்க்கிறேன். தோட்டத்தின் மூன்று பிரிவுகளையும் சுற்றி வருவதால், தார்ச்சாலையும் செம்மண் சாலையுமாக நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டருக்குக் குறையாமல் கார் ஓடும். கியருக்கு முன்னால் வயர்லெஸ் சார்ஜிங் தட்டு பொருத்தப்பட்ட இந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய முதல் வாரமே, இனி இது எதற்கு என்று கேபிளைச் சுருட்டி டேஷ்போர்டு அறைக்குள் போட்டேன். மூன்றாவது வாரத்தில் அதைத் தேடி எடுத்தேன். சார்ஜ் சிறிது நேரம் ஏறும், பிறகு நிற்கும், மறுபடி ஏறும். சில நாள்களில் காலையில் வைத்ததைவிட மாலையில் எடுக்கும்போது குறைவாக இருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு காரணமாகத் தேடிப் பிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பழுது என்று நான் எண்ணியவற்றில் பெரும்பகுதி, தட்டு தன்னையும் கைப்பேசியையும் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றதுதான் என்பது தெரியவர எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது.

என் காரில் சார்ஜ் ஏறும்போது செம்மஞ்சள் விளக்கு எரியும், நிறைந்ததும் பச்சை, ஏதாவது கோளாறென்றால் செம்மஞ்சள் விட்டுவிட்டு மின்னும். அது மின்னத் தொடங்கியதும் ஈப்போவிலுள்ள ஒரு சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். வரவேற்பில் இருந்தவர் தட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், உள்ளே உள்ள பகுதி போயிருக்கும், புதிதாக மாற்ற 780 ரிங்கிட் ஆகும் என்றார். அந்தத் தொகைக்கு எத்தனை கேபிள் வாங்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. பக்கத்தில் நின்ற இளம் பணியாளரிடம், "தம்பி, உங்கள் போனைக் கொஞ்சம் வைத்துப் பாருங்கள்" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் ஆகியும் விளக்கு மின்னவே இல்லை, சார்ஜ் சீராக ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் யார் என்னிடம் இதுபற்றிக் கேட்டாலும், முதலில் வேறொரு கைப்பேசியை அதே தட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு உங்கள் கைப்பேசியை வேறொரு தட்டில் வைத்துப் பாருங்கள் என்றே சொல்கிறேன். பணம் செலவழிக்காமல் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

என் விஷயத்தில் குற்றவாளி, கைப்பேசி உறைக்குள் செருகி வைத்திருந்த டச் அண்ட் கோ அட்டை. டோலில் சட்டென்று எடுக்க வசதியாக இருக்கிறதென்று நம்மில் பலர் அதை அங்கேதான் வைக்கிறோம். அந்த அட்டைக்குள்ளும் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது என்பதை நான் யோசித்ததே இல்லை.

தட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அது ஏன் நிற்கிறது என்பதும் புரிந்துவிடும். தட்டுக்குள் இருக்கும் செம்புச் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது எழும் காந்தப்புலம், கைப்பேசியின் முதுகில் உள்ள இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. தனக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதைக் கைப்பேசி அதே சுருள் வழியாகத் தட்டுக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். அனுப்பியதற்கும் கிடைத்ததற்கும் இடையில் கணக்கு இடித்தால், நடுவில் இருக்கும் ஏதோ ஓர் உலோகம் அந்த ஆற்றலை வாங்கிச் சூடாகிறது என்று தட்டு முடிவு செய்து நின்றுவிடும். தோட்டத்து எடையும் ஆலைச் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் குலை ஏற்றிய லோரியை நாங்கள் நிறுத்தி வைப்போமே, ஏறக்குறைய அதே கதைதான். உலகெங்கும் பெரும்பாலான கைப்பேசிகள் பின்பற்றும் இந்த முறைக்குக் கியூஐ தரநிலை என்று பெயர். அதன் முதல் வடிவம் 2010இல் வந்தது. உயிர்ச்சக்தியைக் குறிக்கும் சீனச் சொல்லை வைத்து இட்ட பெயர் என்பதால் அதைச் 'சீ' என்றுதான் உச்சரிக்க வேண்டும். என் வீட்டில் அப்படிச் சொன்னால் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் நான் கியூஐ என்றே சொல்லி வருகிறேன்.

அட்டையை எடுத்த பிறகு விளக்கு மின்னுவது பெரும்பாலும் நின்றது. சில மாதம் கழித்து மறுபடி தொடங்கியபோது உறையைக் கழற்றினேன், பயனில்லை. வேறு கைப்பேசியை வைத்தேன், அதற்கும் ஏறவில்லை. கடைசியில் தட்டின் மேலிருக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் ஒரு 20 சென் காசு தொட முடியாத சூட்டில் கிடந்தது. அங்கே சில்லறை போட்ட பழக்கம் என்னுடையதுதான். யாரையும் குறை சொல்ல வழியில்லை. காந்தப் பிடிப்பானுக்காக உறையின் பின்புறம் ஒட்டும் மெல்லிய இரும்புத் தகடும் இதே வேலையைத்தான் செய்யும். தோட்ட அலுவலகத்தில் இருவர் அந்தத் தகட்டோடு என் காரில் கைப்பேசியை வைத்துவிட்டு, சார்ஜர் சரியில்லை அண்ணே என்று சொல்லியிருக்கிறார்கள். விரல் மாட்டும் உலோக வளையமும் அப்படியே.

அடுத்து வந்தது செம்மண் சாலை. இரு சுருள்களும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால்தான் மின்சாரம் முழுமையாகச் சேரும்; சில மில்லிமீட்டர் விலகினாலே வேகம் குறைகிறது, ஒரு விரற்கடை விலகினால் தொடர்பே அறுந்துபோகிறது. மழைக்காலத்தில் லோரிகள் உழுதுவிட்ட தடத்தில் கார் ஏறி இறங்கும்போது கைப்பேசி தட்டில் நிலையாக நிற்க வாய்ப்பே இல்லை. போதாததற்கு, இப்போதைய கைப்பேசிகளில் கேமரா புடைத்துக்கொண்டிருப்பதால் தட்டில் வைத்ததும் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. கடையில் விற்கும் ஒட்டும் விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டேன். அது கைப்பேசியை நகரவிடாமல் பிடித்தது உண்மை. ஆனால் அதன் தடிமன் சுருள்களுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டிவிட்டதால் சார்ஜ் முன்பைவிட மெதுவாக ஏறியது. பிறகு பழைய மோட்டார் சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு பட்டைகளை வெட்டி, கைப்பேசிக்கு அடியில் வைக்காமல், அதன் இரு ஓரங்களிலும் இறுக்கமாகச் செருகினேன். அத்தோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. பால்மரம் சீவிய ஊரில் ரப்பருக்காகக் கடைக்குப் போனது என் தவறு.

இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்; எங்கள் ஊரில் உண்மையான எதிரி வெயில். அலுவலகத்துக்கு முன்னால் நிழலில்லாத இடத்தில் காலையிலிருந்து நின்ற காரில் மதியம் இரண்டு மணிக்கு ஏறினால், முன்கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் தட்டின் மேலேயே விழுந்திருக்கும். வயர்லெஸ் முறையில் அனுப்பும் ஆற்றலில் கணிசமான பங்கு வழியிலேயே வெப்பமாகிவிடுகிறது, அந்த வெப்பம் கைப்பேசியின் முதுகில்தான் சேர்கிறது. லித்தியம் பேட்டரியை அதிகச் சூட்டில் சார்ஜ் செய்வது அதற்குக் கேடு என்பதால், ஓரளவுக்கு மேல் சூடேறியதும் கைப்பேசி தானே வேகத்தைக் குறைக்கும், பிறகு நிறுத்தியும் விடும். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் வெப்பம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடுகிறது. வெயிலில் கிடந்த காருக்குள் ஏறும்போது அந்த எல்லையை நாம் எப்போதோ தாண்டியிருப்போம்.

இதோடு கைப்பேசிச் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவைக் கம்பியில்லாமல் இணைத்து, வழிகாட்டும் வேஸ் செயலியையும் ஓடவிட்டால் கைப்பேசி ஒரே நேரத்தில் வைஃபை, ஜிபிஎஸ், கைப்பேசி இணையம் மூன்றையும் இயக்கிக்கொண்டு, மேலே சார்ஜும் வாங்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தின் உட்பிரிவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே அலைவரிசை மெலிந்திருப்பதால், கோபுரத்தைத் தேடித் தேடிக் கைப்பேசி கூடுதல் மின்சாரம் செலவழிக்கிறது. அதனாலும் சூடாகிறது. மாலையில் குறைந்த சார்ஜோடு வீடு திரும்பிய நாள்களுக்கு இதுவே காரணமென்று, பட்டணத்திலேயே வேலை இருந்த வாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன்.

என்னுடையது 3,700 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி கொண்ட சாம்சுங் எஸ்22. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். நெரிசலோடு முக்கால் மணி நேரம் பிடிக்கும். வேஸும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஓட, தட்டில் வைத்துப் போனால் இந்தத் தூரத்தில் 8 அல்லது 9 விழுக்காடு ஏறுகிறது; வெயில் கடுமையான நாளில் ஒன்றுமே ஏறாமல் இருந்ததும் உண்டு. அதே பயணத்தில் கேபிளைச் செருகினால் 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறுகிறது. இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்த பிறகு நான் தட்டின் மேல் கோபப்படுவதை விட்டுவிட்டேன். இருப்பதைக் குறையாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. காலியான பேட்டரியை நிரப்ப அதை நம்பக்கூடாது. சூட்டைக் குறைக்க நான் செய்தவை சிறியவை: காரில் ஏறியதும் பத்து நிமிடம் குளிரூட்டியை ஓடவிட்ட பிறகே கைப்பேசியைத் தட்டில் வைக்கிறேன், கைப்பேசி அமைப்பில் விரைவு வயர்லெஸ் சார்ஜிங்கை அணைத்துவிட்டேன். வேகத்தைக் குறைத்த பிறகு மொத்தத்தில் கூடுதலாகவே ஏறுகிறது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். முன்பு பாதி நேரம் சூட்டினால் நின்றுகிடந்தது, இப்போது நிற்பதில்லை.

சாவி சம்பந்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் சாவியைக் கைப்பேசியோடு அதே தட்டில் போட்டுவிட்டு இயக்கப் பொத்தானை அழுத்தியபோது, சாவி காணப்படவில்லை என்று திரையில் வந்தது. பொத்தான் அழுத்தி இயக்கும் கார்கள் பொதுவாக 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அலையில் சாவியைத் தேடுகின்றன. வயர்லெஸ் சார்ஜிங் தட்டுகள் பெரும்பாலும் 100 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரையிலான எல்லையில் இயங்குகின்றன. இரண்டும் ஒரே சந்தையில் கூச்சலிடும் இரு வியாபாரிகளைப் போலாகிவிடும். கதவைத் திறக்கும்போது சார்ஜ் சில நொடி நின்று தொடர்வதும் இதனால்தான்; கார் அப்போது சாவியைத் தேடுவதற்காகத் தட்டை வேண்டுமென்றே அமைதியாக்குகிறது. அதற்காகப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை.

காரில் தட்டு இல்லாதவர்களுக்கு என் மச்சானின் பிக்கப் வண்டியில் நடந்தது பயன்படலாம். குளிர்காற்று வரும் துவாரத்தில் மாட்டும் வயர்லெஸ் பிடிப்பான் ஒன்றை வாங்கி, வண்டியிலேயே இருந்த யுஎஸ்பி துளையில் இணைத்தார். நிமிடத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏறும் ஒலி கேட்கும், உடனே அறுந்துபோகும். பிடிப்பானைக் கடையில் மாற்றிக்கொண்டு வந்தும் அதே கதை. பாட்டுக் கேட்பதற்காகக் கொடுக்கப்படும் யுஎஸ்பி துளைகள் பலவற்றில் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் மட்டுமே கிடைக்கும். அவருடைய பிடிப்பானின் அடியில் 9 வோல்ட், 2 ஆம்பியர் தேவை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. 12 வோல்ட் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் விரைவு சார்ஜிங் அடாப்டரை 35 ரிங்கிட்டுக்கு வாங்கி, அதோடு வந்த தடித்த கேபிளால் இணைத்ததும் எல்லாம் சரியானது. குளிர்காற்று நேரடியாகக் கைப்பேசியின் முதுகில் படுவதால், மதிய வெயிலில் அவருடைய மலிவான பிடிப்பான் என் காரின் தட்டைவிட நன்றாகவே வேலை செய்கிறது. இதை அவர் முன்னால் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் மகளின் ஐபோன் 15 வேறு வகையில் குழப்பியது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறவில்லை என்று அவள் சொன்னபோது தட்டைத்தான் சந்தேகித்தேன். பேட்டரியைக் காக்க அந்த அளவோடு நிறுத்தும் அமைப்பை அவளே போட்டுவிட்டு மறந்திருந்தாள். இதே வகைக் கைப்பேசியில், குறிப்பிட்ட சில கார்களில் வயர்லெஸ் சார்ஜ் செய்த பிறகு, கைப்பேசியை அருகில் காட்டிப் பணம் செலுத்த உதவும் என்எஃப்சி வசதி செயலிழந்த சிக்கலை ஆப்பிள் ஒப்புக்கொண்டு, 2023 நவம்பரில் ஐஓஎஸ் 17.1.1 வழியாகச் சரிசெய்தது. பழைய மென்பொருளோடு வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்வது நல்லது. காந்தத்தால் தானாகவே நேராகப் பொருந்தும் கியூஐ2 தரநிலை 2023இல் வெளியானது. அடுத்த கார் வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று கேட்பேன், எங்கள் சாலையின் குலுக்கலுக்கு அது ஓரளவு மருந்தாகலாம்.

இரண்டு மாதமாகத் தட்டில் வைத்தும் தன் கைப்பேசிக்கு ஒருநாளும் ஏறவில்லை என்று என் மனைவி முறையிட்டதைக் கடைசியாகத்தான் கவனித்தேன். விலை குறைந்த அந்தக் கைப்பேசியின் முதுகில் வாங்கும் சுருளே கிடையாது. அவருக்காகக் கேபிள் இப்போது நிரந்தரமாக வெளியிலேயே தொங்குகிறது. கோலாலம்பூருக்குப் போகும் நாள்களில் நானும் அதையே செருகிக்கொள்கிறேன். தோட்டம் சுற்றும் நாள்களில் டியூப் பட்டைகளுக்கு நடுவே என் கைப்பேசி தட்டில் கிடக்கிறது. வெயிலில் பட்டைகள் இளகிவிடுவதால், போன வாரம் மூன்றாவது முறையாகப் புதிதாக வெட்டிச் செருகினேன்.