ஊட்டிக்கு வரும் கடல் நத்தை பாக்கெட்: வாங்கலாமா?

உப்புத்தண்ணீர் தொட்டிக்கென்று சென்னையிலிருந்து பார்சலில் வரும் ‘பாசி தின்னி’ கலவை இது. 15 நத்தை: டர்போ, ட்ரோகஸ், செரித், நாசேரியஸ். எல்லாம் ஒரே பையில், பெயர்ச்சீட்டு கிடையாது. பெரிய குறை அதுதான். நாசேரியஸ் என்று வந்த மூன்றில் ஒன்று நாசேரியஸே இல்லை.

பேக்கிங் சுமார். கடல் மட்டத்தில் கட்டிய பை 2,240 மீட்டர் ஏறும்போது, சிப்ஸ் பாக்கெட் மாதிரி கிட்டத்தட்ட 30 சதவீதம் உப்பும். காற்றைக் குறைத்து, இரட்டைப் பையாக, தெர்மாகோல் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் பையைத் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, அப்புறம் காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக நத்தை இருக்கும் தண்ணீரில் விடுங்கள், ஒன்றரை மணி நேரம். உப்படர்த்தி திடீரென மாறினால் நத்தை ஓட்டுக்குள் சுருங்கியபடியே செத்துப்போகும்.

ஒன்றின் முதுகில் ஒன்று ஏறினால் பதற வேண்டாம்; ஓட்டில் படிந்த பாசியைச் சுரண்டுகிறது. இனச்சேர்க்கையும் இல்லை: டர்போ, ட்ரோகஸ் இரண்டும் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடுகிறவை. பார்க்க வேண்டியது ஓட்டின் வாய்ப்பக்கம். நாசேரியஸ் என்று வந்த அந்தப் போலி நத்தை, டர்போவின் மூடி (ஓட்டு வாயை அடைக்கும் தகடு) மேல் பாதத்தைப் போர்த்தி அசையாமல் கிடந்தது. காலையில் டர்போவின் ஓடு காலி, வட்ட மூடி மட்டும் மணலில்.

தொட்டியில் விடுமுன் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். டர்போ, ட்ரோகஸ் வாய் விளிம்பு முழுசாக இருக்கும். விளிம்பின் நுனியில் வெட்டுப்பள்ளம் இருந்தால் பெரும்பாலும் கறி தின்னி; செரித் இதற்கு விதிவிலக்கு. நாசேரியஸுக்கும் பள்ளம் உண்டு, ஆனால் செத்ததைத் தின்னும் அது மணலுக்குள் புதைந்து குழலை மட்டும் நீட்டும், இறால் துண்டு போட்டதும் மேலே வரும். நாசேரியஸ்கள் சேர்ந்து ஒரு நத்தையை மொய்த்தால் அநேகமாக அது ஏற்கெனவே செத்தது. மூடியைத் தொட்டுப் பாருங்கள். உயிர் இருந்தால் உள்ளே இழுக்கும். இரவில் டார்ச் அடித்து வாயோரம் அரிசிக் குருணை போல வெள்ளையாக ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவை சாறு உறிஞ்சும் குட்டி ஒட்டுண்ணி நத்தைகள். வேறு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்து, அதில் வைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்துவிடலாம்.

ஊட்டிக் காற்றழுத்தத்தில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் கால் பங்கு குறைவு. நத்தைகள் மொத்தமாக நீர்மட்டத்துக்கு ஏறினால் பம்பின் வாயை மேற்பரப்புக்குத் திருப்புங்கள். 100 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் இரண்டு. ஒன்று பழுதானாலும் டிசம்பர் இரவில் இன்னொன்று ஓரளவு தாங்கும். குளிருகிறதே என்று கீசர் தண்ணீரில் உப்புக் கலக்காதீர்கள். உள்ளே செம்பு இருந்தால் அத்தனையும் காலி.

100 லிட்டர் புதுத் தொட்டிக்கு 15 அதிகம், பட்டினியில் சாகும். எட்டு போதும். கலவையை விட்டுவிட்டு ட்ரோகஸ் மட்டும் கேட்டு வாங்குங்கள். குப்புற விழுந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.