சாப்பாடு அருமை, ‘தவக்கால விருந்து’ என்ற பெயர்தான் ஒட்டவில்லை

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு (ஈஸ்டருக்கு) முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் 40 நாள்தான் தவக்காலம்; அது திருநீற்றுப் புதனன்று தொடங்குகிறது. அதற்கு மறுநாளிலிருந்தே நாகர்கோவிலில் ஒரு கடலுணவு ஓட்டலின் வாசலில் ஊதா நிறப் பதாகை தொங்குகிறது. ‘தவக்கால வெள்ளி சிறப்பு விருந்து, ஒருவருக்கு 480 ரூபாய்.’ மேலே முள்முடி, கீழே ஒரு தட்டு நிறைய இறால். குறை சொல்லவும் வேண்டியிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் மதினியோடும் பேத்தியோடும் போயிருந்தேன். பேத்திக்கு இப்போதுதான் 14 வயது நிறைந்திருக்கிறது. இறைச்சியை விலக்கும் ‘சுத்தபோசன’த்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அவளைக் கட்டுப்படுத்துகிற முதல் தவக்காலம் இது. “பிள்ளைக்கு சுத்தபோசனமும் ஆச்சு, வெளியே கூட்டிப் போன மாதிரியும் ஆச்சு” என்று மதினிதான் இந்த இடத்தைச் சொன்னார்.

முதலில் சாப்பாடு. சம்பா அரிசிச் சோறு, நெய்மீன் குழம்பு, இறால் தொக்கு, கணவாய் வறுவல், நண்டு, மரச்சீனிக் கிழங்கு மசியல், அதற்குத் தொட்டுக்கொள்ள சாளைக் கறி, ரசம், மோர், கடைசியில் சேமியா பாயசம். முட்டம் கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். மீன் குழம்பில் என்னை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. இங்கே தேங்காயை வெண்ணெய்போல அரைத்திருக்கிறார்கள். கொடம்புளி அளவாக இறங்கியிருக்கிறது. குழம்பு கெட்டியாக வேண்டும் என்பதற்காக எந்த மாவையும் கரைத்து ஊற்றவில்லை. நெய்மீன் துண்டு அன்றைய மீன்; நடு முள்ளை ஒட்டிய சதை தானாக உதிர்ந்தது. எல்லாவற்றிலும் சிறந்தது சாளைதான். அம்மியில் வைத்து நசுக்கிய சின்ன உள்ளியும் பச்சை மிளகாயும் போட்டு வற்ற வைத்த கறி. மரச்சீனியோடு பிசைந்தபோது பேத்தி பேச்சையே நிறுத்திவிட்டாள். நண்டு மட்டும் சரியில்லை. சதை வற்றி, ஐஸில் நெடுநேரம் கிடந்த மணம். பாயசத்தில் இனிப்பு அதிகம்.

பரிமாறுகிறவர்கள் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறை குழம்பு ஊற்றுகிறார்கள். கைகழுவும் இடம் சுத்தமாக இருக்கிறது. உணவகமாக மட்டும் பார்த்தால் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

ஆனால் அவர்கள் விற்பது வெறும் சாப்பாடு இல்லை. தவக்காலம் என்ற பெயரைப் போட்டு விற்கிறார்கள். பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள் என்பதால் அதைப் பேசாமல் என்னால் இந்த விமர்சனத்தை முடிக்க முடியாது.

சட்டத்தை மீறியதாக அவர்களை யாரும் சொல்ல முடியாது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வெள்ளிக்கிழமைகளில் விலக்கச் சொல்வது இறைச்சியை. மீனுக்கு அதில் தடை இல்லை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள், அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. மற்ற வெள்ளிகளில் எவ்வளவு சாப்பிடலாம் என்ற அளவுகூடக் கிடையாது. எழுத்தின்படி பார்த்தால் எங்கள் மேசையில் ஒரு பாவமும் இல்லை.

அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று பார்த்தால்தான் சிக்கல். 13-ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் இதற்குக் காரணம் எழுதியிருக்கிறார்: நாவுக்கு அதிக இன்பம் தருகிற உணவுகளை நோன்பில் விலக்குகிறோம், நிலத்து விலங்குகளின் இறைச்சி அப்படிப்பட்டது, மீன் அந்த அளவுக்கு இல்லை. இறைச்சியே பெருவிருந்தாக இருந்த ஊர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தியிருக்கலாம். குமரிக் கடற்கரையில் அது தலைகீழ். இங்கே கோழி எந்தத் தெருவிலும் கிடைக்கும். நல்ல நெய்மீனும் இறாலும்தான் கைக்கு எட்டாத விலை. கோழியை விட்டுவிட்டு 480 ரூபாய்க்கு நெய்மீன் சாப்பிடுகிறவர் எதை விட்டார்?

எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளி என்றால் கஞ்சியும் சிறுபயறும் தேங்காய்த் துவையலும். அப்பா கடலிலிருந்து கொண்டுவரும் மீனில் அன்றைக்கு ஒன்றும் அடுப்படிக்கு வராது; எல்லாம் ஏலத்துக்குப் போகும். வழக்கமாகக் குழம்புக்கு எடுத்து வைக்கிற மீனின் விலையை அம்மா தனியாக முடிந்து வைப்பார். மூன்றாவது வீட்டில் கணவனைக் கடலில் இழந்த ஒரு பெண் இருந்தார். அந்தக் காசு அங்கே போகும், அதுவும் இருட்டிய பிறகு. அது அம்மாவின் புதுமை ஒன்றும் இல்லை. நோன்பில் மிச்சமானது பசித்தவருக்குச் சேர வேண்டும் என்று 5-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய லியோ திருத்தந்தை (போப்) மறையுரைகளில் வலியுறுத்தியிருக்கிறார். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அம்மாவுக்கு அவர் யாரென்றே தெரியாது.

திருநீற்றுப் புதன் திருப்பலியில் வாசிக்கும் நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகத்தை வாடவைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவு, மறைவில் இருக்கிற தந்தைக்கு மட்டும் தெரியட்டும் என்கிறார் இயேசு. அதே நாளில் யோவேல் இறைவாக்கினர் உடையைக் கிழிக்க வேண்டாம், இதயத்தைக் கிழியுங்கள் என்கிறார். ஓட்டலிலோ பணியாளர் எல்லார் கையிலும் ஊதா நாடா, ஒலிபெருக்கியில் இயேசு பட்ட பாடுகளின் பாட்டு, பில் போடும் இடத்தில் ‘ஏழைகளுக்கு’ என்று எழுதிய உண்டியல். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவருக்குத் தெரியவில்லை. “முதலாளியிடம்தான் கேட்கணும் அம்மா” என்றார்.

என்னை உண்மையாகவே வருத்தியது வேறு. எங்களுக்குப் பரிமாறிய பையன் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வருகிறவன். “மக்களே, சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போவியா?” என்று, இயேசுவின் பாடுகளை நினைத்துக் கோவிலில் செய்யும் வழிபாட்டைப் பற்றிக் கேட்டேன். தவக்கால வெள்ளிகளில் யாருக்கும் விடுப்பு கிடையாது என்றான். கூட்டம் அதிகம் என்பதால் இரவு கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு மேல், அதுவும் பின்கட்டில் நின்றபடி.

திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று, அதாவது இந்த விருந்து தொடங்கிய அதே நாளில், கோவில்களில் வாசித்த முதல் வாசகம் விவிலியத்தில் எசாயா இறைவாக்கினர் நூலின் 58-ஆம் அதிகாரம். நாங்கள் நோன்பிருந்தோமே, ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் கடவுளிடம் கேட்கிறார்கள். நோன்பு நாளில் உங்கள் ஆதாயத்தையே தேடுகிறீர்கள், உங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள் என்பது அவர் பதில். உன் உணவைப் பசித்தவனோடு பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்றும் அங்கேயே இருக்கிறது. வாசகம் கேட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரோ.

இப்படிச் சொல்வதால் ‘மனசு சுத்தமாக இருந்தால் போதும், நோன்பெல்லாம் எதற்கு’ என்று கேட்கிறவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடே கிடையாது. உடம்பு எதையும் விடாமல் உள்ளம் மட்டும் தவம் செய்கிறது என்பதை நான் நம்பவில்லை. புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒரு பங்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்ட பரிசேயரை, யூதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த அந்தப் பிரிவினரை, கண்டித்த இடத்திலும், அந்தக் காணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை இயேசு. இரண்டையும் செய்யத்தான் சொன்னார். பேத்தி இந்த 40 நாளும் இறைச்சி தொடமாட்டேன் என்றால் எனக்குப் பெருமைதான். அந்தப் பிடிவாதம் அவளை யார் பக்கம் திருப்புகிறது என்பதையும் அவள் பார்க்கப் பழக வேண்டும். எங்கள் மேசையில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் கட்டித் தரச் சொல்லி வாங்கியவள் அவள்தான். பஸ் நிலையத்தில் யாரிடம் கொடுப்பது என்பதையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

முதலாளி வந்ததும் அவரிடமே பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பதாகையை மாற்றுவது கஷ்டம், அச்சடித்தாயிற்று என்றார். வெள்ளிக்கிழமைகளில் பணியாளர்களை இரண்டு பிரிவாக்கி, விரும்புகிறவர்களை ஐந்து மணிக்குக் கோவிலுக்கு விடலாமே என்றதற்கு, யோசிப்பதாகச் சொன்னார். அவர் அதைச் செய்தால் பதாகையில் எந்த வார்த்தை இருந்தாலும் எனக்குப் பொருட்டில்லை.

இன்னொன்று. இதே ஓட்டலில் மற்ற நாள்களில் காலை ஏழு மணியிலிருந்து கஞ்சியும் பயறும் 60 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், கூடவே ஒரு மாங்காய்த் துண்டும் சுட்ட பப்படமும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விருந்துக்கு அடுப்பு வேண்டும் என்பதால் அதை நிறுத்திவிட்டார்களாம். தவக்காலத்தில் போகிறவர்கள் வேறொரு நாள் காலையில் போய் அந்தக் கஞ்சியைக் குடியுங்கள். நெய்மீன் குழம்புக்கும் சாளைக் கறிக்கும் உயிர்ப்பு ஞாயிறு கழிந்து போகலாம். அப்போதும் நண்டை மட்டும் கேட்காதீர்கள்.